பால்வாடி திறந்திருந்தால் அந்த ஆயிரம் வீட்டில் தங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் உரிமைத் தொகையைப் பெண்கள் வீண் செலவு செய்கிறார்கள் என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைப்பவள் நான். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து என் கணக்கிலும் மாதம் ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. அது முழுவதும் என் நான்கு வயது மகளின் நர்சரிப் பள்ளிக் கட்டணத்துக்கும் வேனுக்கும் போகிறது. போதாததற்குப் பீடிக் கூலியிலிருந்தும் எடுத்துக் கட்டுகிறேன்.

தெருமுனையில் பால்வாடி இருக்கும்போது ஏன் இந்தச் செலவு என்று கேட்பீர்கள். மூத்தவன் அங்கேதான் வளர்ந்தான். டீச்சர் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தார்; முட்டை வைத்த சோறு, பிறகு பாயில் ஓர் உறக்கம். சாயங்காலம் போய் அவனைக் கூட்டி வருவேன். அந்த டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அடுத்த ஊர் டீச்சர் கூடுதல் பொறுப்பாக வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். மற்ற நாட்களில் ஆயா ஒருவரே சமைத்து, ஊட்டி, மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, எல்லாவற்றையும் கைபேசியில் பதிவது என்று இரண்டு ஊர் வேலையை ஒருவர் எப்படிப் பார்ப்பார்?

பிள்ளை ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது பீடி சுற்றும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓர் அறைதான் வீடு. மடியில் தட்டு, பக்கத்தில் நனைத்த இலை, தட்டில் தூள். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும். போடாவிட்டால் பிள்ளைக்கு வியர்க்கும். அது தும்மும், கண்ணைக் கசக்கும், பிறகு அம்மாவைப் பார்த்துத் தானும் ஓர் இலையை எடுத்துச் சுருட்டும். மகள் அப்படிச் சுருட்டிக் காட்டிய அன்றுதான் நர்சரியில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு வந்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இடையில் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை பிள்ளைக்கு உள்ளது பால்வாடி மட்டும்தான். கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் உள்ளன. எங்கள் தெருவில் இருப்பது அந்த 2,381இல் இல்லை.

1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது அந்த ஊர் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. சோறு போட்டால் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரும் என்று அவர் நம்பினார், பிள்ளைகளும் வந்தார்கள். இன்று பிள்ளை வரத் தயாராக இருக்கிறது, பால்வாடியில்தான் டீச்சர் இல்லை.

அந்த வாசகருக்கும், இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உரிமைத் தொகையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதை நாங்கள் பாலுக்கும் பழத்துக்கும் செலவழிக்கும்படி, காலியாக உள்ள டீச்சர் இடங்களை நிரப்புங்கள், மாலை வரை பால்வாடியை நடத்துங்கள், எல்லா மையங்களிலும் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுங்கள். என் தங்கை மகனுக்கு வருகிற ஜூனில் மூன்று வயது முடிகிறது. அதற்குள் எங்கள் ஊருக்கு ஒரு டீச்சரைப் போட்டால், அவளும் என்னைப் போல வேனுக்குப் பணம் தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்