காட்சியகக் குழுவினருக்கு: ரங்கூன் குண்டுவீச்சுக்கும் ஒரு பலகை வையுங்கள்

நம் ஊர் மரபுக் காட்சியகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

பர்மா அறையில் அண்மையில் மாட்டிய பலகையைப் பற்றி நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு உங்கள் பதில் கிடைத்தது. பார்வையாளர்கள் மகிழ்ச்சியாக வந்து போகும் இடத்தில் துயரச் செய்திகள் வேண்டாம் என்று குழு கருதுவதாக இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். மரியாதையான பதில்தான், ஆனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஊரறிய இந்த மடலை எழுதுவது அதனால்தான்.

"1942இல் போர் காரணமாக நம்மவர் தாயகம் திரும்பினர்." பலகையில் இருப்பது இவ்வளவே. அதற்கு நேர் எதிரே, பர்மாத் தேக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்கியது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெல்ஜியம் கண்ணாடிக்கும் இத்தாலிப் பளிங்குக்கும் தனித்தனிப் பலகை. நம் காட்சியகத்தில் மரம் வந்த வழி தெரிகிறது, மனிதர் வந்த வழிதான் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ரங்கூன் மொகல் தெருவில் நம் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, முற்பகல். ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ரங்கூன் சனம் பதுங்கவில்லை. வானத்தில் நடந்த சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் இறங்கி நின்றது. குண்டு அந்தத் தெருக்களிலேயே விழுந்தது. அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள். 1931 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் தெருக் கூட்டியவர்களும் பெரும்பாலும் நம் நாட்டுக் கூலிகள். அவர்கள் உயிருக்குப் பயந்து ஓடியதும் துறைமுகம் படுத்துவிட்டது. சீனாவுக்குப் போக வேண்டிய போர்ச் சரக்கு இறக்க ஆளில்லாமல் கிடந்தது. குண்டு போட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான். கட்டடம் இடிந்தால் கட்டிக்கொள்ளலாம்; ஆள் ஓடிவிட்டால் நகரம் நின்றுவிடும். ஊர் திரும்பியவர்கள் தாமாகப் பெட்டி கட்டிக்கொண்டு வரவில்லை, விரட்டப்பட்டு வந்தார்கள். இதைப் பலகையில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு கிட்டங்கியில் சமையலாள். (கடைப் பொறுப்பாளரான மேலாளும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளும் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனும் உங்கள் சுவரில் படமாக இருக்கிறார்கள். அடுப்படி ஆளைக் காணோம். அது கிடக்கட்டும்.) ஐயாவின் தம்பியும் அதே அடுப்படியில்தான் வேலை பார்த்தார். இருவருக்கும் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. புரோம் வரை போய், ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைமேல் தாங்கூப் கணவாய் வழியே நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வழி. காலரா வேறு. ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டு உட்கார்ந்துவிட்டபோது, தண்ணீர் பார்த்து வருகிறேன் என்று தம்பி செம்பை எடுத்துக்கொண்டு முன்னே போனார். ஐயா அரக்கான் கரைத் துறைமுகமான அக்யாப் வந்து, சிட்டகாங் வந்து, ஊரும் வந்து சேர்ந்தார். தம்பி வரவில்லை.

அவர் மனைவி, எங்கள் சின்ன அப்பத்தாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. செத்ததைக் கண்டவர் இல்லை, உடல் இல்லை, நாளும் தெரியாது. நாள் தெரியாமல் எந்தத் திதியில் பிண்டம் வைப்பது? அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம் என்று புரோகிதர் வழி சொன்னார். இறைத்தால் அவர் போய்விட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சின்ன அப்பத்தா மறுத்துவிட்டார். ஏழு ஆண்டு சேதி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அவர் சட்டத்தையும் கேட்கவில்லை. தாலி கழுத்திலேயே கிடந்தது. கல்யாண வீடுகளில் அவரை அழைத்தாலும் பேச்சு, அழைக்காவிட்டாலும் பேச்சு. மஞ்சள் குங்குமத் தட்டு அவர் பக்கம் வரும்போது, ஏந்தி வரும் பெண் ஒரு கணம் நின்று பெரியவர்கள் முகத்தைப் பார்ப்பாள். நானே பார்த்திருக்கிறேன். சின்ன அப்பத்தா யார் முகத்தையும் பார்க்காமல் தாமே கையை நீட்டிக் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொள்வார். கிழவியாகிச் சாகும்வரை அப்படித்தான் இருந்தார். உங்கள் ஒற்றை வரியில் இவர் கணவரும் "தாயகம் திரும்பியவர்".

துயரம் வேண்டாமாம். லண்டன்மீது விழுந்த குண்டுகளை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள், ஹிரோஷிமாவுக்கு ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், வேண்டியதுதான். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமீது சுட்டபோது இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பர்மாவைவிட்டு ஓடிவந்த இந்தியர் லட்சக்கணக்கில். வழியில் மடிந்தவர் ஆயிரக்கணக்கில். ஓட முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களோ, 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்த பிறகு பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டையும் வாங்கிக்கொண்டார்கள். இவர்களுக்காக ஒரு சுவர் ஒதுக்கினால், தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பவர்களின் முகம் வாடிவிடுமா? வாடினாலும் வெளியே நாட்டுக்கோழிக் குழம்பு இருக்கிறதே, தேற்றிக்கொள்வார்கள்.

எழுதினால் முழுதாக எழுத வேண்டியிருக்கும் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு 1930களின் கடைசியில் நம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தக் கோபம் பர்மியருக்கு இருந்தது. அந்தக் கோபத்தைப் பற்றிய பயமும் சேர்ந்தே நம் ஆட்களை ஓட வைத்தது. அதையும் எழுதுங்கள். குண்டு விழுந்ததை மறைக்க அது காரணமாகாது.

கேட்க வந்ததை மறுபடியும் கேட்டுவிடுகிறேன். அந்த ஒற்றை வரிப் பலகையை எடுத்துவிட்டு, 1941 டிசம்பர் 23, 25 குண்டுவீச்சையும் அதன்பின் நடந்த நடையையும் சொல்லும் பலகை ஒன்றை வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் காலியாக இருக்கும் சுவரே போதும். செலவை என்னைப் போன்ற சில குடும்பங்கள் ஏற்றுக்கொள்கிறோம். வாசகத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். திரும்பி வராதவர்களின் பெயர்களை ஊராரிடம் கேட்டு வாங்கி அதன்கீழ் எழுதவும் அனுமதி வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டங்கிச் சமையலாள் ஒருவரின் பேத்தி