மெழுகுப் பதம் மூன்று நாள்தான் இருக்கும்: காவிரிப் படுகை வேளாண் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயல்களில் சம்பாவும் தாளடியும் கதிர் முற்றும் நேரம் நெருங்குகிறது. இனி எல்லாக் கூட்டத்திலும் நெல்தான் பேச்சாக இருக்கும்: கொள்முதல் நிலையம், ஈரப்பதம், சாக்கு, லாரி. அந்தப் பேச்சு வேண்டியதுதான். ஆனால் அறுப்புக்கு முன்பே அந்த நெல்லுக்குள் கைவீசித் தெளிக்கப்படும் உளுந்து ஒவ்வொரு ஆண்டும் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. ஒரு வேலி (ஏறக்குறைய ஆறரை ஏக்கர்) நிலத்தில் தலைமுறையாக இந்த உளுந்தை விதைத்து வரும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். நெல் பணம் கடனுக்குப் போகும். எங்கள் வீட்டுச் செலவுக்குக் கையில் நிற்பது உளுந்துப் பணம்தான்.

இந்தப் பயிருக்கு உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பாசனமும் கிடையாது. இதைச் சோம்பல் விவசாயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு செயல்விளக்கத் திடலில், அறுப்பு முடிந்த வயலை ரோட்டவேட்டரால் அடித்து வரிசையில் விதைத்துக் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. இருபதாம் நாள் போய்ப் பார்த்தபோது வரப்போரம் மட்டும்தான் பச்சை தெரிந்தது.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. நடவுக்காகச் சேறடித்த களிமண் அது. அறுப்புக்குப் பின் ஏர் இறக்கினால் பாளம் பாளமாகப் பெயரும். ஒவ்வொரு பாளமும் எல்லாப் பக்கமும் வெயில் பட்டு இரண்டே நாளில் கல்லாகிவிடும். அதை உடைத்தால் புழுதி கிடைக்கும், ஈரம் போயிருக்கும். உழாமல் விட்ட மண்ணோ அடி ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்புகிறது. அறுத்த பின் நிற்கும் அரிதாள் நிழல் தருகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியும் சேர்ந்துதான் எழுபது, எழுபத்தைந்து நாள் பயிரைக் கரைசேர்க்கிறது.

பீகாரிலும் வங்காளத்திலும் சத்தீஸ்கரிலும் பட்டாணி, மசூர், கேசரி போன்ற பயறுகளை அறுக்காத நெல்லுக்குள் இப்படியே தெளிக்கிறார்கள். பைரா என்றும் உதேரா என்றும் அதற்குப் பெயர். ஈரம் வடியும் களிமண்ணில் வாழ்பவர்கள் எங்கிருந்தாலும் இதே வழியைத்தான் கண்டிருக்கிறார்கள்.

எனவே முழுப் பயிரும் ஒரு சிறிய இடைவெளியில் தொங்குகிறது. உங்கள் கையேட்டில் மெழுகுப் பதம் என்று அச்சிட்டிருக்கும், விதைப்புக்கேற்ற மண் ஈரத்தை என் அப்பா குதிகாலால் பார்ப்பார். நெல்லுக்குள் இறங்கி ஓர் அடி வைத்து, காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். குதிகால் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால், "இன்னும் இரண்டு நாள்" என்று சொல்லி வந்துவிடுவார். பள்ளம் பதிந்து, உள்ளே நீர் இல்லாமல், ஓரம் மட்டும் பளபளத்தால் அன்று சாயந்தரமே விதைப்பு. முந்தினால் விதை அழுகும், பிந்தினால் காயும். எங்கள் வயலில் அந்தப் பதம் மூன்று நாள் நிற்கும், நான்காவது நாள் நிற்பது அபூர்வம். அதற்குப் பிறகும் கேடு வரலாம். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழையில், முளைத்த உளுந்து தண்ணீரில் நின்று அழுகியதை நீங்களும் பார்த்தீர்கள். மழை நம் கையில் இல்லை. விதை வரும் நாள் நம் கையில்தான் இருக்கிறது.

முதல் வேண்டுகோள் அதுதான். மானிய விதை மார்கழி முடிவதற்குள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அறுப்பு முடிந்து வைக்கோலும் கட்டிய பிறகு வந்து இறங்கிய விதையை ஒரு வருடம் வாங்கி, வீட்டில் வைத்து, கடைசியில் இட்லிக்கு அரைத்தோம். நெல் தரிசுக்கு, அதாவது நெல்லை அடுத்து உழாமல் விடும் இந்த நிலத்துக்கு, ஏக்கருக்கு 12 கிலோ விதை வேண்டும். தண்ணீர் பாய்ச்சும் இறவைப் பயிருக்குச் சொல்லும் 8 கிலோ இங்கே போதாது, ஏனென்றால் தெளித்ததில் ஒரு பங்கு முளைக்காது. சதுர மீட்டருக்கு 33 செடி நின்றால்தான் மகசூல் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியம் பொட்டலத்தையும் விதையோடு சேர்த்தே கொடுங்கள். ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்த அரை மணி நேரம் போதும். பொட்டலம் தனியாக வேறொரு நாள் வந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, அறுவடை இயந்திரம். கையறுப்புக் காலத்தில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தெளித்துவிடுவோம். அறுக்கும் பெண்கள் இரண்டு இலை விட்ட நாற்றுகளுக்கு நடுவே கால் வைத்துப் போவார்கள். வண்டிக்கு அந்தக் கண் கிடையாது. டயர் வண்டி ஏறிய தடத்தில் மண் அழுந்தி, ஒரு முழ அகலத்துக்கு வயலின் நீளம் முழுக்கச் செடியே இருக்காது. பெல்ட் வண்டியில் சேதம் குறைவு. பிறகு வைக்கோல் கட்டும் இயந்திரம் இழுத்துக்கொண்டு டிராக்டர் இன்னொரு முறை இறங்குகிறது. எங்கள் அனுபவத்தில், விதை முளைகாட்டுவதற்குள் வண்டி வந்து போய்விட்டால் பயிர் தேறுகிறது. விதைத்து எட்டாம் நாள், பத்தாம் நாள் வந்தால் நாற்று நசுங்குகிறது. ஆகவே வண்டி வரும் நாள் தெரியாமல் விதைப்பு நாளைக் குறிக்க முடியாது. ஊர்வாரியாக வண்டி முறையை முன்கூட்டி அறிவியுங்கள். உளுந்து தெளித்த வயல்களுக்குப் பெல்ட் வண்டியை முதலில் ஒதுக்குங்கள். தாளைத் தாழ அறுக்கச் சொல்லுங்கள். உயரமாக விட்ட தாள் மறுபடி துளிர்த்து, உளுந்துக்கு இருக்கும் ஈரத்தையும் குடித்துவிடுகிறது.

உழவே கூடாது என்று நான் வாதிடவில்லை. போர்த் தண்ணீர் உள்ளவர்கள் கோடையில் இறவை உளுந்து போடும்போது உழுது, ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 50 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அடியுரமாக இடுவதே சரி. அந்த முறையைத் தை மாதத் தரிசுக்குக் கொண்டுவருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இப்போது உரம். உழாத நிலத்தில் அடியுரத்தை எங்கே புதைப்பது? மேலே தூவினால் காய்ந்த மண்ணில் அப்படியே கிடக்கும். இந்தச் செடி தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது. முப்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை வாய்க்கால் நீரில் அலசிப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ஈறு நிறத்தில் இருக்கும். அந்தச் சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய யூரியாவை உளுந்தில் வீசிய வயலில் இதே சோதனையைச் செய்திருக்கிறேன். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தது. வேரில் தேடித் தேடி நாலைந்து முடிச்சுகூடக் கிடைக்கவில்லை. அந்தச் செழிப்பைத் தேடி வெள்ளை ஈ வந்தது, அதன் பின்னால் மஞ்சள் தேமல் நோய் வந்தது.

பூக்கும்போதுதான் செடிக்குப் பசி அதிகம். அந்த நேரத்தில் முடிச்சும் ஓயத் தொடங்கும். அதனால்தான் இலைவழியாக 2 சத டி.ஏ.பி. உரக் கரைசலைப் பூக்கும் தருணத்தில் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிக்கச் சொல்கிறீர்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, 200 லிட்டராக்கி, மாலையில் தெளிக்கிறோம். தெளித்த வயலுக்கும் தெளிக்காத வயலுக்கும் காய்ப்பிடிப்பில் உள்ள வேறுபாடு வரப்பிலிருந்தே தெரியும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு தெளிப்புக்கும் சேர்த்து வேண்டியது 8 கிலோ. மூட்டை 50 கிலோ, விலை 1,350 ரூபாய். ஒரு ஏக்கர்காரர் மீதி 42 கிலோவை என்ன செய்வார்? சில இடங்களில் மூட்டையோடு தேவையில்லாத வேறொரு பொருளையும் தலையில் கட்டுகிறார்கள். அதனால் பலர் தெளிப்பதே இல்லை. வீட்டில் கிடக்கும் யூரியாவைத் தூவிவிடுகிறார்கள். நல்ல பரிந்துரை மூட்டையின் அளவில் தோற்றுப்போகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் 4 கிலோ பொட்டலமாகக் கொடுக்க வழி செய்யுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற இலைவழி ஊட்டக் கலவை ஏக்கருக்கு 2 கிலோ போதும் என்கிறார்கள். அது பூக்கும் வாரத்தில் ஊரிலேயே கிடைக்கட்டும். ட்ரோன் தெளிப்புக்குத் தனி அளவை எழுதிக் கொடுங்கள். 200 லிட்டருக்கான 4 கிலோவை ட்ரோனின் பத்து லிட்டருக்குள் அடைத்தால் இலை கருகிவிடும்.

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு நாள், விதை வழங்குபவர், வண்டி உரிமையாளர், சங்கச் செயலாளர், நீங்கள், நாங்கள் எல்லோரும் ஒரே வரப்பில் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தில் வேண்டாம், வயலிலேயே கூடுவோம். செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் ஓர் அடி வைத்துப் பார்த்து, விதைக்கும் நாளையும் வண்டி இறங்கும் நாளையும் அங்கேயே குறித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
நெல் தரிசில் உளுந்து விதைக்கும் ஒரு விவசாயி