கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால் கிருமியே இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டு மாற்று சிகிச்சை என்றாலே செலவு எவ்வளவு, எத்தனை நாளில் நடக்கலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தச் செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் என்ன பாடு என்பதை யாராவது எழுத வேண்டும்.

என் அம்மாவுக்கு மாற்றிய முழங்கால் இரண்டு வருஷம் கழித்து வீங்கியது, தொட்டால் சுட்டது. ஊசி போட்டு எடுத்த மூட்டு நீரைக் கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார்கள், 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது, வலி மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை உள்ளே போனபின் ஆய்வகத் தட்டில் கிருமி வளர்வது கஷ்டம் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது போக, கிருமிகள் உலோகத்தின் மேல் பாசிபோலப் படலம் கட்டி ஒட்டிக்கொள்வதால் நீரில் அதிகம் சிக்குவதில்லை. தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி வளர 14 நாள்கூட ஆகலாம், 5 நாளில் தட்டைத் தூக்கிப் போட்டால் எங்கே தெரியும்?

இதற்கு இன்னொரு வழி, நீரில் உள்ள கிருமியின் டிஎன்ஏவைப் படிக்கும் மரபணு வரிசைப் பரிசோதனை. அதற்குக் கிருமி வளரவே வேண்டாம். பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் உள்ள 16எஸ் மரபணுவைப் படித்தே பெரும்பாலும் இன்ன கிருமி என்று சொல்லிவிடலாம். சரி, அதுவே போதுமா என்றால் போதாது. செத்த கிருமியின் டிஎன்ஏவும், வெளியிலிருந்து கலந்ததும்கூட அதில் தெரியும். எந்த மருந்து கேட்கும் என்பதற்குக் கல்ச்சர்தான் இன்னும் நம்பகம். ஆனால் கல்ச்சர் கைவிட்ட நோயாளிக்காவது இந்த வசதி அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிடைக்க வேண்டும், காப்பீட்டிலும் சேர வேண்டும்.

மூட்டு வீங்கினால் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள், முதலில் நீரை எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை