கொடிநாள் உண்டியலோடு முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

டிசம்பர் 7 வந்தால் எங்கள் அலுவலகத்துக்கும் படைவீரர் நலனுக்கான கொடிநாள் உண்டியல் வரும். காசு போட்டு, சட்டையில் ஒரு கொடியைக் குத்திக்கொள்வோம். அதோடு சரி. நிதி தேவைதான். ஆனால் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் ஜவான்கள் பலருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். பென்ஷன் வரும், ராணுவ கேன்டீன் கார்டு இருக்கும். மனம்விட்டுப் பேச ஆள் இருக்காது.

எங்கள் தெருவில் ஹவில்தாராக இருந்தவர் ஒருவர், இரவில் தூக்கம் வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். யாரோ விட்டுப்போன நாட்டு நாய்க்குட்டி ஒன்று அவரிடம் ஒட்டிக்கொண்டது. விடிந்ததும் லுங்கி நுனியைக் கடித்து இழுக்கும். வேறு வழியில்லாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்புவார். இப்போது அங்கே நாலு பேரோடு டீ குடிக்கிறார்.

போர் தந்த மன பாதிப்பில் தவிக்கும் முன்னாள் வீரர்கள் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்துக்கு அமெரிக்காவில் 2021-இல் சட்டமே போட்டார்கள். (நாய் வந்துவிட்டது என்று மனநல மருத்துவரை நிறுத்திவிடக் கூடாது, அது வேறு.) நமக்குச் சட்டம்கூட வேண்டாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் கால்நடை மருத்துவமனையும் சேர்ந்து, விரும்புகிறவர்களுக்குத் தடுப்பூசி போட்ட நாட்டுக் குட்டிகளைக் கொடுக்கலாம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று பெயர் பெற்ற நாய் இனங்களுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. குட்டியை வாங்கியவர் வெளியூர் போகும் நாளில் நாய்க்குச் சோறு வைக்கத் தெருவில் ஒரு வீடு வேண்டும். அந்த வீடுகளின் பட்டியலைக் குடியிருப்போர் சங்கங்கள் வரும் கொடிநாளுக்குள் தயார் செய்யட்டும்.

– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்