மலைப்பாதையில் தானாக விரிந்த ஏர்பேக் – மூன்றாவது புகார்க் கடிதம்

அனுப்புநர்: காபி, மிளகு விவசாயி, தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். முதல் இரண்டு கடிதத்துக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா. வண்டிக்குள் ஏர்பேக் வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

மிளகு பறிப்பு நேரம். காலை ஏழு மணிக்குத் தோட்டத்துப் பாதையில் ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக இழுக்கும் கியர்) போட்டு, நடந்து வருகிற ஆள் நம்மை முந்திவிடும் வேகத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை அரித்து வைத்த பள்ளத்தில் இடது முன்சக்கரம் சட்டென்று இறங்க, வண்டி ஒருக்களித்து, அடியில் பாறை இடித்தது. கூடவே ஒரு வெடிச்சத்தம். இரண்டு பக்கமும் கர்ட்டன் ஏர்பேக், அதாவது பக்கத் திரை, கூரையிலிருந்து இறங்கி ஜன்னலை மூடிவிட்டது. பெல்ட் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பட்டாசு வாசனை, எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூள். பக்கத்தில் என் அம்மா, 78 வயது. மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "என்னய்யா, சுண்ணாம்பு கொட்டிப்போச்சா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு இடது காது இன்னும் இரைகிறது.

உங்கள் இலவச எண்ணில் பேசிய தம்பி கேட்டது: "ரீல்ஸ் எடுக்கப் போனீங்களா சார்?" எனக்கு வயது 61. தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, அம்மாவை வைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுத்தேனாம். ஜம்ப் பண்ணாமல் ஏர்பேக் வராது என்று அடித்துச் சொன்னார். பெயர் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

முன்பக்க ஏர்பேக் இரண்டும் திறக்கவே இல்லை. பம்பரில் ஒரு கீறல் கிடையாது. முன்னாலோ பக்கத்திலோ மோதலே நடக்காதபோது பக்கத் திரை மட்டும் இறங்குகிறது என்றால், வண்டி கவிழப்போகிறது என்று உங்கள் சென்சார் தப்பாக நினைத்துக்கொண்டது என்றுதானே அர்த்தம்? விவசாயி எனக்கே இது புரிகிறது. செய்த உங்களுக்குத் தெரியாதா? அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் டொயோட்டா ஃபோர்ரன்னர் வைத்திருக்கிறார். கரடுமுரடான பாதையில் சாய்ந்து போகும்போது இந்தத் திரை இறங்காமல் நிறுத்தி வைக்க அதில் 'ஆர்எஸ்சிஏ ஆஃப்' என்று ஒரு பொத்தானே உண்டு. உங்கள் வண்டியில் சீட்டுக்குக் காற்றடிக்கப் பொத்தான் இருக்கிறது, இதற்கு இல்லை.

சனிக்கிழமை மதுரை சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். வாடகை லாரியில் வண்டியை ஏற்றிவந்தேன், 9,500 ரூபாய். போக வர இருநூறு கிலோமீட்டர். போனால், வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் போடும் ஆள் லீவாம். "ஃபோன் பண்ணிட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஃபோன் பண்ணி வரச் சொன்னதே அவர்தான்! மாலை நான்கு மணிவரை உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காகிதக் கப்பில் டீ கிடைத்தது. நன்றி.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, வெளியே அடியே இல்லை, இது விபத்து அல்ல, கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். நீங்கள் அடியில் பாறை இடித்திருக்கிறது, இது விபத்து, வாரண்டி கிடையாது என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அடிப்பாகம் பலமாக இடித்தாலோ பள்ளத்தில் விழுந்தாலோ ஏர்பேக் விரியலாம் என்று கையேட்டில் போட்டிருப்பதாக மெயில் அனுப்பினீர்கள். பார்த்தேன். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி. விளம்பரத்தில் அதே வண்டி ஆற்றுப் பாறை மேல் தாவுகிறதே, அங்கே அந்த வரியை ஏன் போடவில்லை? வண்டி கொடுத்த அன்று மாலை போட்டு, கேக் வெட்டினீர்கள். யாராவது இதை வாயால் சொன்னீர்களா?

மதிப்பீடு 2,38,000 ரூபாய். கர்ட்டன் இரண்டு, பெல்ட் இரண்டு, ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட், கூரைத் துணி. வண்டி நிற்பதால் ஆள் ஏற்றப் போக முடியாமல் பாதி மிளகு கொடியிலேயே உதிர்ந்தது. இந்த வருட வருமானமே போயிற்று என்று வையுங்கள்.

உங்கள் கம்பெனி மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு, என் முந்தைய வண்டியும் உங்களுடையதுதான். ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: அந்தக் கன்ட்ரோல் யூனிட்டில் வேகம், சாய்வு என்று என்ன பதிவாகியிருக்கிறதோ, அதை என் முன்னால் எடுத்து, அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பாகங்களை இலவசமாக மாற்றித் தாருங்கள். 15 நாள். இல்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 84ஆம் பிரிவை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரைப் பற்றி அதில் இருக்கிறது. குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் உதவி எண் 1915க்கு நேற்றே பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கழற்றிய பழைய பாகங்களை அப்புறப்படுத்தச் சம்மதம் என்று ஜாப் கார்டில் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு திருகாணிகூட வண்டியை விட்டு வெளியே போகக் கூடாது.