அந்த சி.ஆர். கொப்பியை எரித்துவிடாதே

ஹட்டன்
ஆனி மாதம்

அன்புள்ள மச்சானுக்கு,

மகள் வீட்டிலிருந்து திரும்பிப் பத்து நாளாகிறது. உன் கடிதம் எனக்கு முன்பே வந்து மேசையில் கிடந்தது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுப் புது வீட்டுக்குப் போகப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஏழு பேர்ச் காணி என்றாலும் நம் பேரில் காணி உறுதி வருவது சின்ன விஷயமா? ஆனால் "பழைய சாமான், பழைய கொப்பி எல்லாத்தையும் எரிச்சிட்டுத்தான் குடிபோவேன்" என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் மனதை அறுக்கிறது. கனடாவில் நான் போய்ப் பார்த்த ஓர் ஊரைப் பற்றி முதலில் சொல்கிறேன், கேள்.

கல்கரியிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணித்தியாலம். தட்டை நிலம், கோதுமை வயல். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, நம் கண்ணுக்குப் பழக ரொம்ப நேரம் எடுக்கிறது. நடுவில் இரண்டாயிரம் பேர் அளவில் வாழும் ஒரு சின்ன ஊர். பேர் வல்கன். ஆமாம், ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளி டீவி நாடகத்தில் வரும் நம்ம ஸ்பொக் பிறந்த கிரகத்தின் பேரேதான்.

ஆனால் பேர் அந்த நாடகத்தைப் பார்த்து வைத்ததில்லை. 1910ஆம் ஆண்டை ஒட்டி ரயில் பாதை போட வந்த அளவையாளர் ஒருவர் ரோமர்களின் நெருப்புக் கடவுள் பேரை ஊருக்கு வைத்தாராம். ஸ்டார் ட்ரெக் முதன்முதல் ஒளிபரப்பானது 1966 செப்டம்பரில். ஊருக்கு அரை நூற்றாண்டு வயதான பிறகுதான் அந்தப் பேர் தொலைக்காட்சியில் வந்திருக்கிறது. முன்பு அந்த ஊருக்குப் பெருமை என்றால் தானியம்தான். ரயில் பாதை ஓரமாக ஒன்பது தானியக் களஞ்சியங்கள், கோபுரம் மாதிரி வரிசையாக நின்றனவாம். அந்தப் பெருமை மங்கியபோது, கையில் மிச்சமிருந்த பேரை ஊர் பிடித்துக்கொண்டது. 1995இல் நாடகத்தில் வரும் என்டர்பிரைஸ் விண்கப்பல் போல ஒன்றைச் செய்து ஊர் வாசலில் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குக் கீழே வரவேற்பு வாசகம் ஆங்கிலத்திலும், வல்கன் மொழியிலும், கிளிங்கன் மொழியிலும் இருக்கிறது. இல்லாத இனத்தின் மொழியில் வரவேற்பு எழுதி வைத்திருக்கிறார்கள் மச்சான்! அதைப் படிக்கத் தெரியாமலேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அருங்காட்சியகம் பெரிதில்லை. விண்கப்பல் வந்து இறங்கியது போலக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பொம்மைகள், தட்டுகள், படங்கள், உடுப்புகள். உடுப்பைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கலாம், நானும் நீலச் சட்டை போட்டு எடுத்தேன். விலைமதிப்புள்ள பொருள் என்று பார்த்தால் அதிகமில்லை. யாரோ ஒரு பிள்ளை ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கக்கூடிய சாமான்கள்தான். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றபோதுதான் கெட்டி அட்டை போட்ட உன் சி.ஆர். கொப்பி ஞாபகம் வந்தது.

ஞாபகமிருக்கிறதா, தீபாவளிக்கு டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் போட்ட அந்த இரவு? கொழும்பில் கடையில் நின்ற உன் மாமா கொண்டுவந்த கசெட்டுகளில் ஒன்று தமிழ்ப் படமில்லை, ஸ்டார் ட்ரெக். சனம் முக்கால்வாசி எழும்பிப் போய்விட்டது. இஸ்தோப்பில் சாக்கு விரித்து நாம் மட்டும் உட்கார்ந்திருந்தோம். உனக்குத்தான் ஆங்கிலம் கொஞ்சம் ஓடும். நீ காதுக்குள் சொல்லச் சொல்ல நான் பார்த்தேன். அப்புறம் கார் பற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வந்து, மாமா எப்போது கசெட் கொண்டுவந்தாலும் பார்த்தோம். ஒவ்வொரு கதையையும் நீ கொப்பியில் எழுதினாய்.

ஒரு நாள் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். கொழுந்துக் கறை படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கறுப்புப் புள்ளைக்கு அங்க என்னா வேல?" என்று கேட்டார். "கப்பலோட பேச்சு வார்த்தை முழுக்க அவங்க கையிலதான் அத்தை" என்றாய். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை கசெட் வந்தபோது, "அந்தப் புள்ள வருமா?" என்றுதான் கேட்டார்.

அந்த நடிகை, நிஷெல் நிக்கல்ஸ், முதல் வருடத்தோடு நாடகத்தை விட்டு விலக நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகக் கூடாது, நீ அங்கே இருப்பது எங்களுக்கு முக்கியம் என்று கேட்டுக்கொண்டாராம். அவரும் இருந்துவிட்டார். பிறகு 1977இலிருந்து நாசாவுக்குப் பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்கும் வேலையில் இறங்கினார். 2022இல் காலமானார். இதெல்லாம் அம்மா இருக்கும்போது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஸ்பொக்காக நடித்த லெனர்ட் நிமோய் 2010இல் வல்கனுக்கே வந்திருக்கிறார். அதற்கு முந்திய வருடம் புது ஸ்டார் ட்ரெக் படம் வெளிவந்தபோது, முதல் காட்சியைத் தங்களுக்குக் காட்டும்படி ஊர் கேட்டிருக்கிறது. ஊரில் தியேட்டர் இல்லை. நிமோய் அவர்களுக்காகப் பேசினார், கல்கரியில் தனிக் காட்சி போட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று நாம் விரலைப் பிரித்துப் பிரித்துப் பழகிய ஸ்பொக்கின் அந்த வணக்கம் இருக்கிறதே, அதை அவர் யூதக் கோயிலிலிருந்து எடுத்தாராம். சின்ன வயதில் அப்பாவோடு போனபோது, எல்லோரும் கண்ணை மூடியிருக்க, குருமார் கையை அப்படிப் பிடித்து ஆசி கொடுத்ததை இவர் ஒளிந்து பார்த்திருக்கிறார். பொஸ்டனில் முடி வெட்டிய ஒரு புலம்பெயர்ந்த தொழிலாளியின் மகன் அவர். தன் கோயிலில் பார்த்ததை விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டார்.

நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? 1956இலிருந்து இங்கேயே வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வந்த ஒரு நாவலில் சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து, அதன் உச்சியிலிருந்து வானத்துக்கு ஏறும் ஒரு மின்தூக்கியைக் கற்பனை செய்தார். அதற்காக நாட்டையே நிலநடுக்கோட்டுப் பக்கம் நகர்த்தியும் வைத்தார்! வானம் வெளித்தால் என் வாசலிலிருந்து தெரிகிற மலை அது. அதற்கென்று ஹட்டனில் ஓர் அலுமாரியாவது இருந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று ஏங்குகிறேன். கம்பளைப் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பது உனக்குத் தெரியும். கூடையும் கவ்வாத்துக் கத்தியும் காட்சிக்கு வைக்கத் தகுந்தவை என்றால், லயத்துப் பையன்கள் இருவர் பற்றரி வெளிச்சத்தில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதியதும் தகுந்ததுதான்.

ஆகவே மச்சான், கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி வை. அடுத்த போயா லீவுக்கு போகவந்தலாவை பஸ்ஸில் நானே வருகிறேன், சாமான் தூக்கவும் ஆள் வேண்டுமே. பழைய தொடரில் மொத்தம் 79 கதைகள். நாம் பார்த்தது பதினொன்று. மிச்சத்தை மகள் பென் டிரைவில் போட்டுத் தந்திருக்கிறாள். அந்தக் கொப்பியில் பின்பக்கம் நிறைய வெறும் தாள் இருந்ததாக ஞாபகம்.

உன் அன்பு நண்பன்