பாப்பாவுக்கு, பி.எஃப். விஷயமாக

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

பாப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்கிறாள். போனில் நான் எதைப் பேச ஆரம்பித்தாலும் அது தண்ணீர் மோட்டாரில் போய் முடிகிறது. போன தடவையும் அப்படித்தான் ஆயிற்று. நீ ஒன்று கேட்டாய், நான் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது.

முதலில் முக்கியமான விஷயம். உனக்கு அங்கே பி.எஃப். பிடிக்கிறார்களா இல்லையா? தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'பார்க்கலாம்ப்பா' என்கிறாய். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான், எனக்குத் தெரியாதா? பழைய கம்பெனியில் சேர்ந்த பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாதே. நம்பரை ஒரு நோட்டில் எழுதி வை. போனில் மட்டும் வைத்திருக்காதே, போன் தொலையும்.

அம்மாவுக்கு வலது முழங்கால் பரவாயில்லை, இடது பழையபடியே. பக்கத்து வீட்டு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 16 அன்று வீட்டு வேலைக்காரர் சங்கக் கூட்டத்தில் நீ பேசிய வீடியோவை மாமா பையன் அனுப்பினான். நான்கு தடவை பார்த்தேன். குரல் நன்றாக இருந்தது, ஆனால் கை நடுங்கியது. அடுத்த முறை காகிதத்தை அட்டையில் வைத்துப் பிடித்துக்கொள், தெரியாது. கழுத்தெலும்பு தெரிகிறது. சாப்பிடுகிறாயா?

இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாய். எதிராளி பிடித்துக்கொள்வான் என்பதால் எழுதுகிறேன். 2007ல் வீட்டு வேலைக்காரர்களுக்குச் சட்டம் வந்தது என்றாய். சட்டம் 1982ல் வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் பட்டியலில் வீட்டு வேலையைச் சேர்த்தது 1999ல். 2007ல் வந்தது தனி நல வாரியம். மூன்றும் வேறு வேறு. வாரியம் என்பது படிப்புக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு உதவித்தொகை கொடுக்கிற இடம். வேலையை விட்டு நிறுத்தினால் ஏன் என்று கேட்கிற இடம் அது இல்லை. நீ இரண்டையும் குழப்பினால் கேட்கிற பெண்களும் குழம்புவார்கள்.

அப்புறம் வீட்டு வேலைக்காரர்களுக்கான அந்த 189ஆம் உடன்படிக்கை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்டது. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேறியது என்பது வரை சரி. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது என்றாய். போடவில்லை. ஆதரித்து ஓட்டுப் போட்டது, அவ்வளவுதான். ஏற்புறுதி செய்யவில்லை. சபையில் கை தூக்கியாயிற்று, காகிதத்தில் கையெழுத்து இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பேச எனக்குத் தகுதி உண்டு. பின்னால் சொல்கிறேன்.

2018ல் மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி போட்டதை நீ சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்தார், பார். அந்தச் சிரிப்பில் எல்லாம் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் ஆய்வாளர் உள்ளே போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம். வீட்டு அடுப்படிக்குள் யார் போவது? ஆறு வீட்டில் வேலை பார்க்கிறவருக்கு எந்த வீட்டில் எத்தனை மணி என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று பார்க்க மத்திய அரசைக் குழு போடச் சொன்னதே, அதைப் பற்றி நீ இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். கைதட்டலுக்கு அவசரப்பட்டுவிட்டாய்.

குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்காதே. சென்னைக் கோடியில் இருக்கிற கண்ணகி நகருக்கு நீ கூட்டிப்போன நாளை நான் யாரிடமும் பேசியதில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. கூவம் கரையிலிருந்தும் நகருக்குள்ளிருந்தும் குடிசைகளை எடுத்து அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆள் போனது, வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலுமே நின்றுவிட்டது. விடியும் முன் பஸ்ஸுக்கு நிற்கிற அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை முடித்து வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். நீ கோபப்படாமல் எந்தக் குடியிருப்பு, எந்த வாசல், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டாய். பரவாயில்லை, பிள்ளைக்கு வேலை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டு என்ன சொன்னேன்? ஷேர் ஆட்டோவில் ராத்திரி தனியாகப் போகாதே என்றேன். இப்போதும் சொல்கிறேன், போகாதே.

பி.எஃப். இல்லை என்றால் நீயாகவாவது மாதம் ஒரு தொகை போடு. 60 வயதில் யார் பார்ப்பார்கள்? நானும் அம்மாவும் இருக்க மாட்டோம். உரிமை பேசுகிற சங்கம் தன்னிடம் முழுநேரமாக வேலை பார்க்கிற பிள்ளைக்கு இதைச் செய்யவில்லை என்றால் நாலு பேர் கேட்க மாட்டார்களா?

சரி. வீடியோவின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். 'எங்கப்பா 2003ல டெஸ்மால வேலை போனவர். போராட்டம்னா என்னன்னு எனக்கு வீட்டுலயே தெரியும்' என்றாய். கைதட்டினார்கள். முதல் தடவை பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் தடவை அந்த இடம் வருமுன் நிறுத்திவிட்டேன்.

உனக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவுக்கு வேலை இல்லை என்பது வரை தெரியும். ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர் வேலைநிறுத்தம், அந்த வாரமே டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் 1,70,000 பேருக்கு மேல் விசாரணை இல்லாமல் வீட்டுக்கு. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்றது. நிபந்தனையில்லாமல் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்ப எடுத்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதினேன், நீ பக்கத்தில் பூகோள மேப்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாதம் செல்லூரம்மாவை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்போது அவருக்குச் சம்பளம் 350 ரூபாய். 'வந்ததும் குடுங்க' என்று சொல்லிவிட்டு அந்தம்மா பாட்டுக்குப் பாத்திரத்தைத் தேய்த்தார். நான் மன்னிப்புக் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, 'ஒங்களுக்கு மன்னிப்புக் கேக்கவாவது ஆபீசு இருக்கு சார். எங்கள நிப்பாட்டுனா நாங்க யாருக்கு எழுதுறது?' என்று சிரித்தார். குத்திக் காட்டவில்லை, சும்மா சொன்னார். எனக்கு அது கோபமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2009ல் நீ ஹாஸ்டலில் இருந்தாய். அந்தம்மா ஒரு பாரம் கொண்டுவந்தார். வீட்டுப் பணியாளர் வாரியத்தில் சேர. மகள் பிளஸ் டூ, படிப்பு உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் பணிச்சான்று என்று ஓரிடம் உண்டு. வேலை கொடுப்பவர் கையெழுத்துப் போடலாம். சங்கம் போடலாம், வி.ஏ.ஓ. போடலாம். அந்தம்மாவுக்குச் சங்கம் எங்கே தெரியும், தெரிந்த ஆபீசர் என்றால் நான்தான்.

பாரத்தை வாங்கிப் படித்தேன். 'வேலையளிப்பவர் பெயர்' என்ற வரியில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினால் நான் முதலாளி. நாளைக்கு போனஸ், பணிக்கொடை என்று வந்தால்? நம் தெருவில் ரிட்டையர்டு ஆள் ஒருவர், 'எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, அப்புறம் நிறுத்த முடியாது' என்றார். சங்கத் துண்டுச்சீட்டில் கோஷம் எழுதிக் கொடுத்தவன் நான், பாப்பா. தெருவில் ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

'பார்க்கலாம்' என்றேன். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை ஒரு பொய் சொன்னேன். 'ஆபீசுல விசாரிச்சேன், அரசு ஊழியர் இதுல கையெழுத்துப் போடக் கூடாதாம்.' அப்படி ஒரு விதியும் கிடையாது. சார் சட்டம் தெரிஞ்சவரு என்று நம்பிவிட்டார். 'அப்டியா, சரி விடுங்க சார், ஒங்களுக்கு எதுக்கு வம்பு' என்றார். என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதே என்று நினைத்திருக்கிறார். 2003ஐப் பார்த்தவர் அல்லவா?

பிறகு வேறு எங்கும் அவர் முயற்சி செய்யவில்லை. வாரியத்தில் 18 வயதிலிருந்து 60க்குள் சேர்ந்தால்தான் உண்டு. அவருக்கு ரேஷன் கார்டுப்படி 2021 பங்குனியில் 60 முடிந்தது. அன்றைக்கு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அதை உயர்த்திய பிறகு எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், ஆயிரம் என்றே வைத்தாலும் ஐந்து வருஷத்துக்கு 60,000. நான் கணக்கு எழுதிப் பழகியவன், தூக்கம் வராத ராத்திரியில் இதைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறேன். மகளின் படிப்பு உதவி தனி.

என் பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது. அகவிலைப்படி கூடினால் பேப்பரில் தலைப்புச் செய்தி.

கை ரேகை எல்லாம் தேய்ந்து, தோள்பட்டை தூக்க முடியாமல் சித்திரையோடு அந்தம்மா வருவதை நிறுத்திவிட்டார். மாதம் ஆயிரம் கொடுத்தனுப்புகிறேன். அதனால்தான் நீ போனில் 'செல்லூரம்மாவுக்கு வாரியப் பென்ஷன் வருதாப்பா?' என்று கேட்டபோது 'ம், வருது வருது' என்று சொல்லிவிட்டு மோட்டாருக்குப் போனேன். நான் கொடுக்கிறது பென்ஷன் ஆகாது. எனக்குத் தெரியும். நான் செத்தால் நின்றுவிடும், அல்லது அம்மாவுக்குக் கோபம் வந்தால் நின்றுவிடும்.

நீ அவர் வாரிய அட்டையைப் படம் எடுத்துத் துண்டுப் பிரசுரத்தில் போட வேண்டும், மகள் நம்பர் கொடுங்கள் என்று மூன்று முறை மெசேஜ் அனுப்பினாய். நீல டிக் விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். அதற்கப்புறம் நீ அனுப்பவில்லை, பேசவும் இல்லை. கோபமா, வேலையா, அல்லது ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா என்று தெரியாமல் மூன்று வாரம் போய்விட்டது. அட்டை இல்லை, பாப்பா. பாரம்தான் இருக்கிறது. என் பீரோவில், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிற கவருக்குக் கீழே. இதோடு வைத்திருக்கிறேன். அந்தம்மா கைநாட்டு வைக்காமல் பேனாவில் எழுதிப் பழகிய கையெழுத்து அதில் இருக்கிறது. எனக்கான இடம் காலி.

60 தாண்டியவர்களைச் சேர்க்க ஏதாவது வழி உண்டா என்று உங்கள் வக்கீலிடம் கேள். முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீசில் நானே போய் நின்றேன். மகன் இருக்கிறானே என்கிறார்கள். மகன் திருப்பூருக்குப் போய் எத்தனை வருஷம் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நீ வந்தால் புரியவைப்பாய்.

அடுத்த கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசுவதென்றால் இதையும் சேர்த்துப் பேசு. அல்லது இரண்டையும் விட்டுவிடு. எது என்று நீ முடிவு செய். அம்மா, 'பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிறாள். சீடை ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள், ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துவிடாதே, உனக்கும் வைத்துக்கொள். பி.எஃப். பற்றி அவர்களிடம் எழுத்தில் கேள். வாய்ப்பேச்சில் பார்க்கலாம் என்று சொன்னால் நம்பாதே.

செல்லூரம்மா மகள் நம்பரை வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கூரியர் பார்சல் உன் கைக்கு வர இரண்டு நாள் ஆகும் என்றான். அதனால் புதன்கிழமை அனுப்புகிறேன்.

அப்பா